வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்ல வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. மதுரை, மேலூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கத்துப் பள்ளியில் கேட்டாலும், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரே புகார்தான்: "புத்திசாலிதான், ஆனா கவனமே இல்ல." அந்தக் கவனம் எங்கே போகிறது என்பதை ஆசிரியர்கள் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெஞ்ச் வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து பாடம் வாசிக்கும் வகுப்பில், டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள ஏழாம் வகுப்புப் பையன் தனக்கு முன்னால் எத்தனை பேர், தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பான். அந்தப் பத்தியையே மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பான். ஆசிரியரின் விளக்கம் காதில் ஏறாது. முறை வந்து, தட்டுத் தடுமாறி, பின்னால் யாரோ சிரித்துவிட்டால் அடுத்த பீரியடும் போயிற்று.

வாசிக்கும்போது, பார்த்த எழுத்துகளை மனம் சில நொடிகள் பிடித்து வைக்க வேண்டும். 'வைகையாற்றங்கரையில்' என்பதில் 10 எழுத்துகள். எழுத்துக் கூட்டும் பிள்ளை 'கரையில்' என்று வருவதற்குள் 'வைகை' நழுவிவிடும். மனதில் அதற்கென்று இருக்கும் சின்ன இடத்தையும் பயம் அடைத்துக்கொண்டால் தெரிந்த சொல்கூட வராது. அந்த நேரம் பார்த்து "சீக்கிரம்" என்று அதட்டுவது கொடுமை.

முந்தின நாளே 4 வரியைக் குறித்துக் கொடுங்கள். வீட்டில் மூன்று தடவை வாசித்துவிட்டு வரட்டும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கட்டும். தானாகக் கை தூக்கும் வரை தனியாக எழுப்ப வேண்டாம். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். நோட்டில் எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் சுழித்தால் பிள்ளை அந்தப் பக்கத்தையே திருப்பிப் பார்க்காது. ஒரு வாரம் ல, ள, ழ மட்டும் திருத்துங்கள். ர, ற அடுத்த வாரம்.

நல்லெண்ணத்தாலும் தவறு நடக்கிறது. எல்லோரும் பார்க்க ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுப்பது அவமானம். நான்கு வரி வாசித்ததற்கு வகுப்பையே கைதட்டச் சொல்வதும் அப்படித்தான். "இன்னைக்கு முழுச் சொல்லா வாசிச்ச" என்று தனியாகச் சொன்னால் போதும்.

எல்லாவற்றுக்கும் பயமே காரணம் என்று சொல்லவில்லை. அதே பாடத்தை வாய்மொழியாகச் சொல்லிக் கேள்வி கேட்டுப் பாருங்கள். பளிச்சென்று பதில் வந்தால் கவனம் இருக்கிறது, வாசிப்புதான் தடை. விளையாட்டிலும் வீட்டிலும்கூடக் கவனம் சிதறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், கவனக்குறைபாடும் சேர்ந்திருக்கலாம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்கும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள் உண்டு. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: தேர்வு நாளில்தான் முதன்முதலாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் பதில் சொல்ல உட்காரும் பிள்ளைக்கு வாயே திறக்காது. ஆகவே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த அரையாண்டிலேயே, பாடம் எடுக்காத வேறோர் ஆசிரியரை உட்கார வைத்து, இரண்டு தேர்வாவது சொல்லி எழுதிப் பழகச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர்கள் சிலர்,
மதுரை.