தரைத்தளக் கிடங்கிலுள்ள பிலிம் சுருள்களை உடனே மாற்றக் கோரும் நான்காவது மனு

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
ஆவணக் காப்பகத் துறை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 16 எம்.எம். பிலிமில் சோதனைப் படங்கள் எடுத்துவருபவன். என் 31 சுருள்களையும் தங்கள் துறையை நம்பி ஒப்படைத்தேன். அவை கால்வாயோரப் பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் கிடக்கின்றன. மழை பெய்தால் அந்தச் சந்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பது தாங்கள் அறிந்ததே. இதே கோரிக்கையுடன் மூன்று மனுக்கள் கொடுத்தும் பதில் இல்லை. கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

1. கிடங்கின் ஏ.சி. நின்று இரண்டு கோடை ஆகிவிட்டது.

2. கதவைத் திறந்தாலே வினிகர் நெடி. அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது. 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையிலேயே புதிய பிலிம் சுமார் 40 ஆண்டில் இந்த நிலைக்கு வந்துவிடும். இங்கோ சுவரே வேர்க்கிறது. வெளிவரும் அமிலம் பக்கத்து டப்பாவையும் கெடுக்கும்.

3. வேறு பிரதி இருக்குமே என்கிறார்கள். இல்லை ஐயா. இவை ரிவர்சல் பிலிம், நெகட்டிவ் கிடையாது. கேமராவில் ஓடிய பிலிமேதான் திரையிலும் ஓடும். அதிலும் 9 சுருள்களுக்குக் கேமராவே கிடையாது. அமெரிக்கச் சோதனைப்பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜ் 1963-ல் கேமரா இல்லாமல், அந்துப்பூச்சி இறக்கைகளை ஒட்டுநாடாவில் பதித்தே ஒரு படம் செய்தார். அதைப் பார்த்துத்தான் நான் கறுப்பு பிலிமை ஊசியால் கீறத் தொடங்கினேன். 100 அடிச் சுருளில் 4,000 படக்கட்டங்கள் (ஃபிரேம்கள்). திரையில் மூன்று நிமிடம்கூட வராது. அதற்குப் பதினோரு மாதம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். பிலிம் சுருங்கினால் அதன் மேல் படம் பதியும் பூச்சான எமல்ஷன் உரிந்துவிடும். நான் கீறியது அந்த எமல்ஷனில்தான் ஐயா! அது போனால் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக்.

4. "கதையே இல்லாத படத்துக்கு என்ன அவசரம்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கதை இல்லைதான். ஒளி எப்படி அசைகிறது, அதைக் கண் எப்படி வாங்கிக்கொள்கிறது என்று பார்க்கவே அவற்றைச் செய்தேன். பிடிக்காதவர்கள் பார்க்க வேண்டாம். அழுகவிட யாருக்கு உரிமை இருக்கிறது? இன்னும் எத்தனை மனு எழுதுவது? அந்தப் படிகளில் ஏறி இறங்கியே என் முழங்கால் போய்விட்டது.

5. மாற்றுங்கள் ஐயா. அடுத்த மழைக்கு முன் மாற்றுங்கள்.

நெடி அடிக்கும் டப்பாக்களைத் தனியே பிரித்து, மற்றவற்றை உலர்ந்த குளிர் அறையில் வைத்து, ஸ்கேன் செய்ய உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முடியாதென்றால் என்னிடமே திருப்பித் தாருங்கள். வண்டி பிடித்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
31 சுருள்களை ஒப்படைத்தவன்