திரும்பும் முகவரி ஸ்டாக்கில் இல்லை, 14-ஆம் ரெஜிஸ்டரில்

ஆசிரியர் அவர்களுக்கு,

'சப்ரூட்டீனை (துணை நிரலை) அழைத்தால் திரும்பும் முகவரி ஸ்டாக்கில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நினைவகப் பகுதியில்) ஏறிக்கொள்ளும்' என்று தங்கள் கணினிப் பகுதியில் பொதுப்படையாக எழுதியிருந்தார்கள். ஐபிஎம்மின் பெருங்கணினியான மெயின்பிரேமுக்கு அது பொருந்தாது. 1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360-இல் ஸ்டாக்கே கிடையாது. 0 முதல் 15 வரை எண்ணிட்ட 16 பொது ரெஜிஸ்டர்கள்தான் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்). பிற்காலத்தில் லிங்கேஜ் ஸ்டாக் (அழைப்பு விவரங்களை வைக்கும் ஸ்டாக்) வந்த பிறகும் பழைய மரபு அப்படியே புழங்குகிறது.

'பிஏஎல்ஆர் 14,15' என்ற கட்டளைக்கு, 15-ஆம் ரெஜிஸ்டரில் உள்ள முகவரிக்குப் போ, திரும்பும் முகவரியை 14-இல் வை என்று பொருள். திரும்ப 'பிஆர் 14', இரண்டே பைட். வன்பொருளின் வேலை அத்தோடு முடிந்தது. மற்றதெல்லாம் நிரல்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். 13-ஆம் ரெஜிஸ்டர், அழைத்த நிரலின் 72 பைட் சேவ் ஏரியாவை (ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் நினைவக இடத்தை) காட்டும். உள்ளே வந்த நிரல் 'எஸ்டிஎம் 14,12,12(13)' போட்டு, 13 நீங்கலாக 15 ரெஜிஸ்டர்களையும் அதில் வைக்கும். பழைய 13-ஐத் தன் ஏரியாவின் 4-ஆம் பைட்டில் குறித்துக்கொள்ளும்.

தவறுகள் நடப்பது பெரும்பாலும் திரும்பும்போதுதான். முதலில் 'எல் 13,4(13)' போட்டு, குறித்துவைத்த பழைய 13-ஐ மீட்க வேண்டும். அடுத்து 'எல்எம் 14,12,12(13)' என்று மொத்தமாக மீட்டால், 15-இல் வைத்த ரிட்டர்ன் கோடு (நிரல் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) போய், நுழைவு முகவரி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலையை ஒழுங்காக முடித்த நிரல்கூட ஏதோ பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். 'எல் 14,12(13)', 'எல்எம் 0,12,20(13)' என்று பிரித்து எழுதினால் 15 தப்பிக்கும். நிரல் தன் சேவ் ஏரியாவை ஃப்ரீமெயின் செய்வதானால் (நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பதானால்) இந்த மீட்புக்கு முன்பே செய்ய வேண்டும். ஃப்ரீமெயினும் 15-ஐ மாற்றிவிடும் என்பதால், அதுவரை ரிட்டர்ன் கோடு வேறொரு ரெஜிஸ்டரில் இருக்கட்டும்.

நிரலுக்குள்ளேயே 'பிஏஎல் 14' (பிஏஎல்ஆர் போலவே திரும்பும் முகவரியை 14-இல் வைக்கும் கட்டளை) கொண்டு அழைத்த சிறு ரூட்டீன், 14-ஐச் சேமிக்காமல் இன்னொன்றை அதே 14 கொண்டு அழைத்தால் முதல் முகவரி அழியும். பிறகு 'பிஆர் 14' அந்த இரண்டாம் அழைப்புக்கு அடுத்த வரிக்கே மறுபடி மறுபடி வரும், செக்குமாடு தோற்றது. ஒரே நிலையான சேவ் ஏரியாவை வைத்துக்கொண்டு தன்னைத்தானே அழைக்கும் நிரலுக்கும் இதே கதிதான்.

இன்னொன்று: 'பிஏஎஸ்எஸ்எம்' கட்டளை வழியாக 24, 31 பிட் முகவரி முறை மாறி வந்த அழைப்புக்கு 'பிஆர் 14' போதாது, அது முறையைத் திருப்பி மாற்றாது. 'பிஎஸ்எம் 0,14' வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மெயின்பிரேம் நிரலாளர்