ஆண்டறிக்கை 2024–25: ‘ராதிகா சாந்த்வனம்’ படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தஞ்சையில் கூடும் நம் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் முன்வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டு முழுவதும் ஒரே நூலைப் படித்தோம். தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் (1739–1763) அவையில் விளங்கிய முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனம்’ அந்நூல். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மூத்த உறுப்பினர் ஒருவர் மூலத்தைப் படித்துப் பாட்டுக்குப் பாட்டு தமிழில் பொருள் சொன்னார். மொத்தம் உள்ள 584 பாடல்களில் பாதியைக்கூட நாம் எட்டவில்லை.

கதை சிறியது. ராதை தான் வளர்த்த இளா என்னும் பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்து, முதலிரவுக்கான புத்திமதியையும் தானே சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு தனிமையில் வெந்து புழுங்குகிறாள். கண்ணன் வந்து அவளைத் தேற்றுவதே நூலின் பெயர்க்காரணம். ஊடலும் ஊடல் தீர்த்தலும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் இங்கே வேட்கை பெண்ணுடையது. அதைப் பாடியவரும் பெண். முத்துப்பழனி ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவர் என்பது தெரிந்தபோது, மாதவனின் வாய்ச்சுவையை வெண்சங்கிடம் விசாரித்த அந்தக் குரலின் வழியில் வந்தவரே இவர் என்று கூட்டத்தில் பலரும் ஒப்பினர். உடலின் ஏக்கம் ஒரு புறம், பக்தி மறு புறம் என்று இரண்டு கணக்கு எழுதும் வழக்கம் இவர்களிடம் இல்லை.

அந்த இரட்டைக் கணக்கு விக்டோரியா காலத்து ஒழுக்கத்தோடு அச்சகத்துக்குள் நுழைந்தது. 1887இல் வெளிவந்த பதிப்பில் கவிஞர் தம் மரபைச் சொல்லும் முகப்புப் பகுதியும் பாடல்கள் சிலவும் இல்லை. தெலுங்குக் கவிஞர் வரலாற்றை எழுதிய கந்துகூரி வீரேசலிங்கம், விதவை மறுமணத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடியவர்; அவரே இந்நூலின் பகுதிகள் பெண் காதால் கேட்கத்தகாதவை, பெண் வாயால் வரவே கூடாதவை என்ற கருத்தை எழுதிவைத்தார். இதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் உண்டு.

ஏட்டுச்சுவடியைத் தேடிப் பெற்று, அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்து 1910இல் முழுப் பதிப்பைக் கொண்டுவந்தவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆண் கவிஞர்கள் இதைவிட விரித்துப் பாடியபோது கேட்காதது ஏன் என்று அவர் வீரேசலிங்கத்துக்குத் திருப்பிக் கேட்டார். 1911இல் நூல் ஆபாசமானது என்று காவல்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பண்டிதர்கள் மனுக் கொடுத்தும் அரசு இறங்கவில்லை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவை நம் உறுப்பினரான வழக்கறிஞர் வாசித்துக் காட்டிய மாலை மறக்க முடியாதது. 1860இல் எழுதப்பட்ட அப்பிரிவு, கோயிலிலும் சுவாமி எழுந்தருளும் தேரிலும் உள்ள சிற்பங்களை ஆபாசக் குற்றத்திலிருந்து விலக்கியது. ஆக, இந்நூலில் உள்ளதைத் தேர்க்காலுக்கு மேலே மரத்தில் செதுக்கியிருந்தால் தப்பித்திருக்கும்; தாளில் அச்சிட்டதால் மாட்டிக்கொண்டது! தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் நூலின் மீதிருந்த தடை நீங்கியது. நூல் மறுபடி அச்சேறியது 1952இல். நாகரத்தினம்மாள் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

திருவையாற்றுக்கு ஒருநாள் சென்று வந்தோம். அங்கே தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்ப நாகரத்தினம்மாள் தம் பொருளையெல்லாம் கொடுத்தார். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதபோது தனியே பெண்களைத் திரட்டி நடத்திக் காட்டினார். சமாதியை நோக்கியபடி இருக்கும் அவருடைய சிலையின் முன் நம் உறுப்பினர் சிலர் வெகுநேரம் அமர்ந்திருந்தனர்.

இனிக் குறைகள். நாம் வழக்கமாகக் கூடும் மண்டபத்தார் அழைப்பிதழில் ‘சிருங்காரம்’ என்ற சொல்லை எடுத்தால்தான் இடம் என்றதால், இரண்டு கூட்டங்களை உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் நடத்தினோம். அவர்கள்மீது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இவ்வறிக்கைக்காகக் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, ராதை இளாவுக்குச் சொல்லும் அறிவுரையைப் படித்த நாளில், “சில பாடல்கள் வாசிக்கப்பட்டன” என்று மட்டும் என் கையெழுத்தில் இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் பாடல் எண்ணும் பொருளும் எழுதும் நான் அன்று மட்டும் எழுதவில்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை; நானாகவே விட்டிருக்கிறேன்.

பொருள் சொன்ன பெரியவரிடம் மீண்டும் கேட்டு, அன்று படித்த பாடல்களின் எண்களையும் பொருளையும் அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். திருத்தத்தைப் பொதுக்குழு ஏற்றுப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்