ஓசூரில் மெஸ் நடத்தும் மகளுக்கு

கண்ணு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. செவலை கன்னு போட்டிருக்கு, காளைக்கன்னு. பாலக்கோடு மார்க்கெட்ல தக்காளி மறுபடியும் அடிமாட்டு விலை. பறிகூலி கட்டாதுன்னு பாதியைக் காட்டிலேயே விட்டுட்டோம். உனக்கு அங்க என்ன விலைக்குப் போடறாங்க? குறையலைன்னா ஆளை மாத்து.

ஓட்டல்ல இதுதான் கண்ணு சங்கடம். 2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிச்சு. அந்த மாசம் எந்தக் கடைக்காரனாலயாவது சாப்பாட்டு விலையை ஏத்த முடிஞ்சுதா? ஏத்தினா பக்கத்துக் கடைக்குப் போயிடுவான். 19 கிலோ சிலிண்டர் விலை மாசம் ஒண்ணாந்தேதி மாறுது, நீ எழுதி ஒட்டின விலை மட்டும் அப்படியே நிக்குது. அதுக்காக வீட்டு சிவப்பு சிலிண்டரைக் கடைக்குள்ள ஏத்திடாதே.

போன்ல கேட்டா "கூட்டம் நல்லா இருக்கும்மா"ன்னு வச்சுடற. கூட்டம் இருந்த கடைங்க மூடினதை நீயும் பார்த்தவதான். நாலு ரோட்டுப் பக்கம் அந்தப் பிரியாணிக் கடை, ஞாயித்துக்கிழமை நிக்க இடம் இருக்காது. கூட்டத்தைப் பார்த்துட்டு இடத்துக்காரர் வாடகையை ஏத்தினார். கடைக்காரர் கோவிச்சுக்கிட்டு ரெண்டு தெரு தள்ளிப் போனார், கூட்டம் கூடப் போகலை. உன் அக்ரிமென்ட்டும் 11 மாசத்துக்குத்தானே? ஆடிட்டர் ஆபீஸ் போற உன் தம்பி இன்னொண்ணும் சொல்றான். நீ பில்லுல 5 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கிக் கட்டற. இடத்துக்காரர் ஜிஎஸ்டி கட்டறவரா இருந்து வாடகை மேல 18 சதவீதம் போட்டா, அதை உன் வரியில கழிக்க முடியாதாம். 2017 நவம்பர்ல ஓட்டலுக்கு 5 ஆக்கினப்பவே அந்த வழியை அடைச்சுட்டாங்களாம். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்களையும்தான்.

சரி, விடு. சிப்காட் கம்பெனிப் பசங்க உன் குழம்பைத் தேடி வராங்கன்னு சித்தப்பா வந்து சொன்னப்ப, அப்பா அதைத் தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தார். ஆனா அந்தப் பசங்க சனிக்கிழமை ஆனா ஊருக்குப் பஸ் ஏறிடறாங்க. ரெண்டு நாள் கடை காத்தாடுது, மாஸ்டருக்கு அந்த ரெண்டு நாளும் சம்பளம் உண்டு. புரட்டாசி முழுக்க கறி எடுக்க ஆள் கிடையாது, கார்த்திகையில பாதிப் பேர் மாலை போட்டுடறாங்க. டெலிவரி ஆப்ல வர்ற ஆர்டர்ல கமிஷன் போக, டப்பாக் காசு போக என்ன நிக்குதுன்னு எழுதிப் பார்த்தியா?

மாஸ்டருக்கு எழுதற, சப்ளையருக்கு எழுதற, பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு எழுதற. உனக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பளம் எழுதினியா? விடியக்காலம் நாலு மணிக்கு மாவு எடுத்து, ராத்திரி கல்லை கழுவி வைக்கிற வரைக்கும் நீ பார்க்கிற வேலைக்கு வேற ஆள் வச்சா என்ன கேப்பாங்க? அதை நோட்டுல எழுதிக் கழி. அப்பவும் மிச்சம் நின்னா எனக்குக் கவலையே இல்லை. நிக்கலைன்னா, சம்பளம் வாங்காத ரெண்டு பேராலதான் அந்தக் கடை திறந்திருக்கு.

போன தடவை நான் வந்தப்ப பைக்குல ஒரு பையன் வந்தான். வண்டியை ஆஃப் பண்ணலை. நீ கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்த, அவன் சின்ன அட்டையில டிக் போட்டுட்டுப் போனான். பால்காரன்னு சொன்ன. பால்காரனாவே இருக்கட்டும். இருந்தாலும் சொல்றேன். தண்டல்ல, அதான் தினவசூல் கடன்ல, 10,000 எழுதினா கையில வர்றது 8,500. தினம் 100 வீதம் 100 நாள். கடை காத்தாடற ஞாயித்துக்கிழமையும் அவன் கணக்குல உண்டு. ஒண்ணை அடைக்க இன்னொண்ணு எழுதுவாங்க. வாடகை பாக்கி நின்னாலும் பேசிக்கலாம், மளிகைக்காரரும் பொறுப்பார். தண்டலுக்கு மட்டும் கை நீட்டாதே கண்ணு.

வைகாசியில பெரியம்மா வீட்டுக் கல்யாணம். பாட்டியோட அட்டிகையைப் போட்டுக்கிட்டு வா, சொந்தக்காரங்க கேப்பாங்க. எடுக்கத் தோதில்லைன்னா வேண்டாம். சும்மா வந்தாலும் போதும், வராம மட்டும் இருந்துடாதே. வரும்போது கடை நோட்டையும் எடுத்துட்டு வா, தம்பி ஒரு தரம் பார்க்கட்டும். மூடணும்னு அவன் சொன்னாலும் இங்க யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டோம். அட்வான்ஸ் பணம் கையில வர்றப்பவே மூடறது வேற, அதுவும் வாடகையில கழிஞ்சப்புறம் மூடறது வேற.

தம்பிகிட்ட ராகி மாவு கொடுத்தனுப்பறேன். வீட்டுக்கு வச்சுக்கோ, கடைக்கு எடுக்காதே. தண்டல் விஷயம் மறுபடியும் சொல்றேன்னு கோவிச்சுக்காதே. இதை மாப்பிள்ளைகிட்ட காட்ட வேண்டாம். காட்டினாலும் பரவாயில்லை.

அம்மா