கண்ணாடிப் பெட்டியில் இருந்த விலைப்பலகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகரின் கடிதம் படித்தேன். எல்லார் கையிலும் கைப்பேசி வந்துவிட்டது, இனிமேல் நம் கல்யாணப் படக்காரர்களுக்குப் பிழைப்பு இல்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் காரணம் கைப்பேசி மட்டும் இல்லை. எங்களைத் தேடி வருகிறவர்களுக்கு நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பினாங்கின் பெருநிலப் பக்கத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தில் ஒரு படக்காரரின் மனைவி. 19 வருடமாகக் கடைத் தொலைபேசியை எடுப்பது நான்தான். படம் பிடிப்பது என் கணவர். முன்பணம், ஆல்பம், கணக்கு, வலைத்தளம் எல்லாம் என் பக்கம்.

என் மாமனார் காலத்தில் கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். உள்ளே பச்சை வெல்வெட் துணி, அதன்மேல் பத்துப் பன்னிரண்டு படங்கள். தை பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை, தீபாவளி முடிந்து ஒரு தடவை, அவரே உட்கார்ந்து படங்களை மாற்றுவார். கீழே ஒரு சின்னப் பலகையில் தமிழில் விலை எழுதியிருக்கும். கல்யாணம் இவ்வளவு, குடும்பப் படம் இவ்வளவு, பாஸ்போர்ட் படம் இவ்வளவு. சந்தைக்குப் போகிற அம்மாக்கள் நின்று பார்ப்பார்கள், விலையைப் படிப்பார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து மகளுக்கு நிச்சயம் ஆனதும் நேராக உள்ளே வருவார்கள்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியின் இடத்தில்தான் இன்றைக்கு வலைத்தளம் நிற்கிறது. ஆனால் நாங்கள் முதலில் செய்து வைத்திருந்த தளத்தில் விலையும் இல்லை, தமிழும் இல்லை. திறந்தால் நாதஸ்வரம் தானாக ஒலிக்கும். பிறகு 64 படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒவ்வொரு மணப்பெண்ணின் முகத்துக்கும் குறுக்கே எங்கள் கடைப் பெயர். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி, அதில் என் கணவரின் கேமராப் பெயர்கள். அவ்வளவுதான். அதற்கு 3,500 வெள்ளி கொடுத்தோம்.

அதைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், வேறு யாருக்கும் நடக்கக் கூடாது. தளத்தின் அடியில் வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று வைத்தார்கள். நம் எண்ணோடு மலேசியாவின் 60-ஐச் சேர்க்கும்போது முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விட வேண்டும். 012 என்று தொடங்கும் எண் 6012 ஆகும். அவர்கள் 60012 என்று போட்டுவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்று வரும். ஏழு மாதம் அப்படியே கிடந்தது. வைகாசி, ஆவணி, ஐப்பசி என்று எத்தனை முகூர்த்தம் அதில் போயிற்றோ. சுங்கை பட்டாணியில் இருக்கும் என் அண்ணி ஒருநாள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். நாங்கள் ஒரு தடவைகூட எங்கள் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. இதைப் படிக்கும் படக்காரர்கள் யாராக இருந்தாலும், முதல் வேலையாக வேறொருவர் கைப்பேசியை வாங்கி உங்கள் தளத்தைத் திறந்து, அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். தொலைபேசி பக்கத்தில் 80 பக்க நோட்டு ஒன்றை வைத்தேன். தை முதல் பங்குனி முடிய மூன்று மாதம், அழைத்தவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதினேன். யார் அழைத்தது என்று எழுதவில்லை, கேள்வி மட்டும். இன்றைக்கும் அந்த நோட்டு என் மேசையில் இருக்கிறது.

"எவ்வளவு ஆகும் அக்கா?" என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம். அது தெரிந்ததுதான். மற்றவைதான் என்னை யோசிக்க வைத்தன. "நாங்க தீவுல இருக்கோம், பாலம் தாண்டி வந்தா கூடுதலா காசு எடுப்பீங்களா?" இதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணினால் ஆச்சரியப்படுவீர்கள். முதல் பாலம் 1985-இல் திறந்தது, இரண்டாவது பாலம் 2014-இல் வந்தது. இருந்தாலும் நம்மவர்கள் மனதில் தீவும் பெருநிலமும் இன்னும் இரண்டு ஊர்தான். தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல். அதற்காக நாங்கள் யாரிடமும் ஒரு காசு கூடுதலாக வாங்கியதில்லை. ஆனால் அதை எங்கேயும் எழுதி வைத்ததும் இல்லை. எத்தனை பேர் 'கூடுதலாகக் கேட்பார்கள்' என்று நினைத்துக்கொண்டே அழைக்காமல் விட்டார்களோ.

"காலையில ஆறு மணி முகூர்த்தம், வருவீங்களா?" "தண்ணீர்மலை கோயில் படி ஏறணும், சாமான் எல்லாம் தூக்கிட்டு வர முடியுமா?" "பொண்ணுக்குச் சேலை கட்டும்போது, நலங்கு வைக்கும்போது எடுக்க, பொம்பள ஆள் இருக்காங்களா?" "படம் எத்தனை நாள்ல கைக்கு வரும்? போன தடவை எங்க அக்கா கல்யாணத்துக்கு எட்டு மாசம் ஆக்கிட்டாங்க." "எடுத்த எல்லாப் படத்தையும் தருவீங்களா, இல்ல நீங்களே பொறுக்கித் தருவீங்களா?"

இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடக் கேமராவைப் பற்றியது இல்லை. ஓர் அம்மா, அத்தை, அக்கா, கல்யாண வீட்டின் நூறு கவலைகளுக்கு நடுவில், 'இந்த ஆளை நம்பலாமா' என்று கேட்கிற கேள்விகள்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லை. அந்த ஒரு மாதம் கடை அமைதியாக இருக்கும். போன ஆடியில் நானும் பயான் லெப்பாஸில் வேலை செய்யும் என் நாத்தனார் மகளும் உட்கார்ந்து தளத்தைத் திரும்ப எழுதினோம். நோட்டில் இருந்த கேள்விகளையே தலைப்பாக வைத்தோம், கேட்ட மாதிரியே, தமிழில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரியில் பதில். பாலம் தாண்டக் கூடுதல் காசு இல்லை. ஆறு மணி முகூர்த்தம் என்றால் நாலரைக்கே வீட்டுக்கு வந்துவிடுவோம். பெண் வீட்டில் எடுக்க நானே இரண்டாவது கேமராவோடு வருவேன். படங்கள் 45 நாளில் கைக்கு வரும். விலை 1,800 வெள்ளியிலிருந்து, அதில் என்னென்ன அடக்கம், எது அடக்கம் இல்லை.

விலையைப் போடும்போது என் கணவர் தயங்கினார். அடுத்த கடைக்காரர் பார்த்துவிட்டு நூறு வெள்ளி குறைத்துச் சொல்வார் என்றார். உங்கள் அப்பா கண்ணாடிப் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தாரே என்றேன். சரி, போடு என்று சொல்லிவிட்டார். 1,800 கட்டுப்படியாகாதவர்கள் இப்போது அழைப்பதில்லை. அழைக்கிறவர்கள் விலை கேட்பதில்லை, தேதி கேட்கிறார்கள்.

படங்களைப் பொறுக்குவதுதான் வீட்டில் பெரிய வாக்குவாதமாகப் போயிற்று. அவருக்கு ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் சுவரோவியத்துக்கு முன்னால் ஜோடிகளை நிறுத்தி எடுத்த படங்கள் பிடிக்கும். நல்ல படங்கள்தான். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் எல்லாப் படக்காரரும் எடுத்துவிட்டார்கள். நான் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். பிறை ஊரில் நடந்த ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரம், அட்சதை போடக் கையை ஓங்கிய ஒரு பாட்டி. கையில் இருந்த அரிசி பாதி அவர் முந்தானையிலேயே விழுகிறது, கண்ணில் தண்ணீர், வாயில் பல் இல்லாத சிரிப்பு. பின்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் கொஞ்சம் மங்கலாக இருக்கிறார்கள். மங்கல் என்று அவர் அதை ஆல்பத்திலேயே சேர்க்கவில்லை. தளத்தின் முதல் படமாக அதை வைத்தோம், குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அழைக்கிறோம் என்று சொன்னவர்களை நானே பதினொரு பேர் எண்ணியிருக்கிறேன். "எங்க ஆயாவையும் அப்படி எடுத்துத் தருவீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் ஆயாவுக்கு வயது 88.

64 படத்தை 22 ஆக்கினோம். முகத்தின் மேல் போட்ட கடைப் பெயரை எடுத்துவிட்டோம், நாதஸ்வரத்தையும்தான். பேருந்தில் போகிற பெண் கைப்பேசியைத் திறந்ததும் சத்தம் வந்தால் உடனே மூடிவிடுவாள்.

படங்களின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் படக்காரர்கள் பலர் இதில்தான் தவறுகிறார்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 6,000-க்கு 4,000 புள்ளி வரும், எங்களுடையது ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது எம்பி. அப்படியே ஏற்றியிருந்தோம். கூகல் இலவசமாகத் தரும் வேகச் சோதனையில் போட்டுப் பார்த்தபோது எங்கள் முதல் பக்கம் கைப்பேசியில் தெரிய 14 விநாடி ஆயிற்று. பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகல் வைத்திருக்கும் அளவு. நீளப் பக்கத்தை 2,000 புள்ளியாகச் சுருக்கி, ஒவ்வொன்றையும் 400 கேபிக்குள் கொண்டுவந்தோம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கேமரா போடும் எண்ணையே கோப்பின் பெயராக விட்டிருந்தோம். அதையும் மாற்றி எந்த ஊர், என்ன நிகழ்ச்சி என்று பெயர் வைத்தோம். தேடல் எந்திரம் அதையும் படிக்கிறது.

இன்னொன்றை நாத்தனார் மகள்தான் கண்டுபிடித்தாள். நம் பிள்ளைகள் நலங்கு, பரிசம், வளைகாப்பு என்று தமிழ்ச் சொல்லைத்தான் தேடுகிறார்கள், ஆனால் ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை எழுதினோம். வெறுமனே 'திருமணப் படம்' என்று போட்டால் கோலாலம்பூரில் இருக்கும் பெரிய நிறுவனங்களுக்குப் பின்னால் எங்கேயோ கிடப்போம். 'புக்கிட் மெர்தாஜாம் வளைகாப்பு' என்றால் எங்களைத் தேடி வருவார்கள்.

தளத்தின் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது செய்து கொடுத்தவர்கள் பேரில் இருந்தது. அதை எங்கள் பேருக்கு மாற்ற இரண்டு மாதம் அலைந்தோம்.

கடைசியாக ஒரு விஷயம். இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. பழைய தளத்தில் ஒரு பிள்ளையின் சடங்குப் படத்தைப் போட்டிருந்தோம். மஞ்சள் நீராட்டி, பட்டுப் பாவாடை கட்டி, மாலையோடு உட்கார்ந்திருக்கும் படம். அழகான படம் என்று போட்டோம், வேறொன்றும் யோசிக்கவில்லை. பள்ளியில் யாரோ அதைப் பார்த்து, எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டார்கள். அந்தப் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. அவள் அம்மா கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "உங்களுக்கும் பொம்பளப் பிள்ளை இருக்குதானே" என்று மட்டும் கேட்டார். அவர் முன்னாலேயே படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கூகல் தேடலில் அது இன்னும் சில நாள் நின்றது. அதையும் நீக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் நம்மை அமர்த்தி எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே போய்ச் சேருகிறது. 'நான் எடுத்த படம், என் தளத்தில் போடுகிறேன்' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. இப்போது எங்கள் முன்பதிவுத் தாளில் தமிழில் இரண்டு கட்டம் இருக்கிறது. படங்களைத் தளத்தில் போடலாம், போடக் கூடாது. கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் முன்பணம் வாங்குகிறேன். சடங்குப் படங்களை மட்டும் பெற்றவர்கள் சம்மதித்தாலும் போடுவதில்லை. நாங்கள் சடங்கு நிகழ்ச்சிகளுக்கும் போகிறோம் என்று எழுதி, குத்துவிளக்கும் சீர்வரிசைத் தட்டுகளும் இருக்கும் படம் ஒன்றைப் போட்டிருக்கிறோம். அதைப் பார்த்தே அழைக்கிறார்கள். 'பிள்ளைகள் முகம் போடாத கடை' என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி வந்தவர்களும் உண்டு.

புது லென்ஸ் வாங்க என்று, இந்தியச் சிறு வியாபாரிகளுக்கு அரசு தரும் ஸ்பூமி கடனுக்கு மனுப் போடும் தம்பிகளைப் பார்க்கிறேன். வாங்கட்டும். அதற்கு முன்னால் ஒரு ஆடி மாதத்தை வலைத்தளத்துக்கு ஒதுக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் நோட்டை யார் வேண்டுமானாலும் கடைக்கு வந்து பார்க்கலாம், எழுதிக்கொண்டும் போகலாம். போட்டி என்று நான் நினைக்கவில்லை. ஒரு தை மாத முகூர்த்தத்துக்கு நாங்கள் ஒரு வீட்டுக்குத்தான் போக முடியும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளில் உங்கள் பத்திரிகையைப் படிக்கும் அம்மாக்கள் நிறைய இருக்கிறார்கள். படக்காரரை அழைப்பதற்கு முன்னால் அவர்கள் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று ஒரு ஞாயிறு கேட்டு எழுதச் சொல்லுங்கள். என் நோட்டில் இன்னும் 31 பக்கம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு படக்காரரின் மனைவி,
பட்டர்வொர்த், பினாங்கு.