மாநிற மணப்பெண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் பெண்கள் இணைப்பில் வெளிவந்த, மணப்பெண் தன் ஒப்பனையைத் தானே செய்துகொள்வது பற்றிய கட்டுரையை முழுவதும் படித்தேன். அழகு நிலையங்களுக்குப் பெருந்தொகை கொடுக்க வழியில்லாத குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கட்டுரை அது, அதற்காக நன்றி. ஆனால் மாநிறமாகவோ கருப்பாகவோ இருக்கும் பெண்கள் தங்கள் நிறத்தைவிட ஓரிரு ஷேடு (நிறப்படி) வெளிறிய ஃபவுண்டேஷனை, அதாவது முகம் முழுவதும் முதலில் இடும் நிறப்பூச்சை, பூசினால் முகம் எடுப்பாகத் தெரியும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அதே யோசனையைப் பல ஆண்டுகளுக்கு முன் நம்பி, எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாங்கள் பட்டது போதும்.

எனக்கு இரண்டு பெண்கள். இருவரும் என்னைப் போலவே நல்ல கருப்பு. மூத்தவளுக்கு 2016-இல் திருமணம் நடந்தது. வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்குமாகச் சேர்த்துப் பேசி, ஓர் அழகு நிலையத்தில் முன்பணம் கொடுத்திருந்தோம். பேஸ் எனப்படும் அந்த முதல் பூச்சைப் போடத் தொடங்கியபோதே, "ரொம்ப வெளுப்பாத் தெரியுதே அக்கா" என்று என் மகள் தயங்கிச் சொன்னாள். "ரெண்டு ஷேடு ஏத்தினாத்தாம்மா வீடியோ லைட்டுல எடுப்பா இருக்கும், நீ பேசாம உக்காரு" என்று பதில் வந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். மேடையேறிய அரை மணி நேரத்தில் வேர்வை வழிந்து முகம் திட்டுத் திட்டாயிற்று. பிறகு ஆல்பம் வந்தபோது, தாலி கட்டும் படத்தில் கழுத்தும் கைகளும் என் மகளுடையவையாக இருந்தன. முகம் மட்டும் சாம்பல் பூத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. அந்த ஆல்பத்தை இன்று வரை அவள் யாருக்கும் தானாக எடுத்துக் காட்டியதில்லை. அன்று நான் வாய் திறக்காததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

முகம் ஏன் அப்படிச் சாம்பலாகிறது என்பதைப் பின்னால்தான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று இரும்பு ஆக்சைடுகளும், வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடும் கலந்து வருவது. ஷேடு வெளிறிக்கொண்டே போகப் போக அந்த வெள்ளைப் பொருளின் பங்கு கூடுகிறது. அதைக் கருத்த தோலின்மேல் பூசினால் தோல் வெளுப்பதில்லை. கருமையும் வெண்மையும் சேர்ந்து நீலம் பாய்ந்த சாம்பலாகிவிடுகிறது. சன்ஸ்கிரீன் கலந்த ஃபவுண்டேஷன்களில் துத்தநாக ஆக்சைடும் இருந்தால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் இன்னும் வெளிறித் தெரியும். ஆகவே அன்றைய தவறுக்குக் காரணம் என் மகளின் நிறமும் இல்லை, அவளுடைய வேர்வையும் இல்லை. பூசிய பொருளின் ஷேடுதான் காரணம்.

இளையவளுக்குச் சென்ற ஆவணியில் முகூர்த்தம் குறித்தபோது, இந்த முறை ஒப்பனையை வீட்டிலேயே செய்துகொள்வது என்று அவளே முடிவு செய்தாள். மூன்று மாதம் முன்னதாகவே தியாகராய நகருக்குப் போனோம். கடைக்குள் எரியும் வெள்ளை விளக்கில் எந்த ஷேடும் பொருந்துவது போலத்தான் தெரியும். புறங்கையில் தடவிப் பார்ப்பதும் பயன் தராது. கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையின் ஓரத்திலிருந்து கழுத்து வரை மூன்று ஷேடுகளை மூன்று கோடுகளாக இழுத்துக்கொண்டு கடையைவிட்டு வெளியே வந்து, பாண்டி பஜார் நடைபாதையில் பகல் வெளிச்சத்தில் கால் மணி நேரம் காத்திருந்தோம். காற்றுப் பட்டதும் சில ஃபவுண்டேஷன்கள் நிறம் மாறிக் கருக்கும் என்பதால் இந்தக் காத்திருப்பு அவசியம். கடைசியில் எந்தக் கோடு இருந்த இடம் தெரியாமல் தோலோடு கலந்துவிட்டதோ, அதுதான் அவளுடைய ஷேடு.

இப்படிச் சொல்லும்போது எளிதாகத் தோன்றலாம். ஆனால் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் வெளிர் ஷேடுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. கருத்த ஷேடுகளைக் கேட்டால், "அது ஓடாதும்மா, வரவழைச்சுத்தான் தரணும்" என்றார்கள். கருத்தவர்கள் நிறைந்த இந்த ஊரில் கருத்த ஷேடு ஓடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிடைக்காத பொருள் எப்படி ஓடும்? சரியான ஷேடு நான்காவது கடையில்தான் கிடைத்தது. அங்கே அதைவிட ஒரு படி கருத்த இன்னொரு புட்டியையும் வாங்கினோம். நம் பெண்கள் பலருக்கு நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிடக் கருத்திருக்கும். ஒரே ஷேடை முகம் முழுவதும் அப்பினால் முகம் தட்டையாகிவிடும். ஓரங்களில் கருத்ததையும் நடுவில் மற்றதையும் வைத்து ஒன்றோடொன்று கலந்துவிட்டால் முகத்தின் இயல்பான மேடுபள்ளம் அப்படியே நிற்கும்.

கண்ணுக்குக் கீழும் வாயைச் சுற்றியும் உள்ள கருவளையத்துக்கு வெளிறிய கன்சீலரை (கறையை மறைக்கும் பூச்சை) வைப்பதுதான் பலரும் செய்யும் அடுத்த பிழை. அந்தக் கருமையில் நீலச் சாயல் இருக்கிறது. நீலத்தை அடக்குவது ஆரஞ்சு. எனவே கருமையின் சாயலை அடக்கும் ஆரஞ்சு நிறக் கரெக்டரை விரல் நுனியால் மிக மெல்லியதாக ஒற்றிவிட்டு, அதன்மேல் ஃபவுண்டேஷனை வைக்க வேண்டும். பிறகு பவுடர். நம் வீடுகளில் எந்த ஒப்பனையும் வெள்ளை டால்கம் பவுடரில்தான் முடியும். மணநாளில் அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். தோலின் நிறத்துக்கேற்ற காம்பாக்டையோ (அழுத்திய பவுடர் வில்லை) மஞ்சள் சாயலுள்ள பவுடரையோ மூக்கு, நெற்றி, தாடை ஆகிய எண்ணெய் வழியும் இடங்களில் மட்டும் அழுத்தி ஒற்றினால் போதும். வெளிர் ரோஜா நிறம் கருத்த கன்னத்தில் சுண்ணாம்பு போல நிற்கிறது. செங்கல் நிறம், நாவற்பழ நிறம், ஆழ்ந்த அரக்கு இவையே கன்னத்துக்கும் உதட்டுக்கும் பொருந்துகின்றன. கண்ணிமைக்குச் செம்பும் பழைய பொன்னும் வைத்தோம். பட்டுச் சரிகையும் நகையும் ஏற்கெனவே அந்த நிறத்தில் இருப்பதால், கருத்த முகத்தில் அவை ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. இந்த அழகு கருத்த பெண்ணுக்கே வாய்ப்பது என்பது என் கருத்து.

எந்தப் பொருளையும் முதலில் காதின் பின்புறம் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்தில் வைத்தோம். அதன் பின் ஞாயிறுதோறும் ஒத்திகை. முதல் நாள் இரண்டு மணி நேரம் பிடித்தது; ஆறாவது ஞாயிற்றில் ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஃபிளாஷோடு ஒரு படம், ஜன்னலோரத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்தோம். கண்ணாடியில் தெரியாத வெண்மை ஃபிளாஷில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஒத்திகையை மின்விசிறி இல்லாமல் செய்யச் சொன்னவள் நான்தான். சென்னையின் புழுக்கத்தில், ஓமப் புகைக்கு முன்னால், இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியவள் குளிரூட்டிய அறையில் பழகி என்ன பயன்? தடிமனாக ஒரு முறை பூசுவதைவிட, ஈரமான ஒப்பனைப் பஞ்சினால் (ஸ்பாஞ்சு) மெல்லிய இரண்டு பூச்சாக ஒற்றியதே நின்றது. வேர்த்தால் துடைக்கக் கூடாது, டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும் என்று மேடையில் அவள் பக்கத்தில் நிற்கும் நாத்தனாருக்கும் சொல்லி வைத்திருந்தோம். நலங்கு மஞ்சளை முதல் நாள் மாலையே முடித்துக்கொண்டோம். விடியற்காலையில் மஞ்சள் பூசிக் குளித்த கையோடு ஃபவுண்டேஷன் வைத்தால் மஞ்சள் சாயல் மேலே துலங்கி நிறம் மாறிவிடுகிறது.

செலவைச் சொல்லாவிட்டால் இக்கடிதம் நிறைவாகாது. இரண்டு ஃபவுண்டேஷன் 900 ரூபாய், காம்பாக்ட் 275, கரெக்டர் 300, ஐ ஷேடோ 350, நீர் படாத காஜலும் ஐலைனரும் 320, மஸ்காரா 250, இரண்டு லிப்ஸ்டிக் 500, பிரஷும் பஞ்சும் 280; ஆக மொத்தம் 3,175 ரூபாய். அதே இரண்டு வேளை அலங்காரத்துக்கு எங்களிடம் கேட்கப்பட்ட மிகக் குறைந்த தொகை 28,000 ரூபாய். ஜடை அலங்காரத்துக்கும் புடவை கட்டிவிடவும் மட்டும் தெரிந்த பெண் ஒருவரை அழைத்துக்கொண்டோம். நகை செட்டை மயிலாப்பூரில் வாடகைக்கு எடுத்தோம். மீதியிருக்கும் பொருள்களை என் மகள் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

தங்கள் கட்டுரையில் இடம் பெறாத ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். கல்யாணத் தேதி குறித்த நாள் முதல், "இன்னும் மூணு மாசம் இருக்கே, கொஞ்சம் கலர் வரட்டும்" என்று உறவினர்கள் கிரீம் வாங்கித் தரத் தொடங்குவார்கள். கருத்த தோலில் ஒரு சிறு எரிச்சலோ கிள்ளிய பருவோ கூட மாதக்கணக்கில் மாறாத கரும்புள்ளியை விட்டுச் செல்லும். ஆகவே மணநாளுக்கு முன் பிளீச்சும் புதுப்புது ஃபேஷியலும் நமக்குக் கேடுதான். அதைவிடக் கேடு வெளுப்பு கிரீம்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் முகம் பளிச்சென்று ஆகி, பிறகு தோல் மெலிந்து, பருவும் முடியும் வளர்ந்து, நிறுத்தினால் முன்னிலும் கருத்துப்போகும். ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் அறிவிக்கை வெளியிட்டும், அவை எளிதாகக் கைக்குக் கிடைக்கின்றன. வேறு சிலவற்றில் பாதரசம். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள், கண் ஒப்பனைப் பொருள்களைத் தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலரை விசாரித்த மருத்துவர்கள், அவர்கள் வெளுப்பு கிரீம் பூசிவந்ததோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை, கொடுத்தவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், திறக்கவே கூடாது. உண்மையாகவே மங்கு போன்ற தோல் நோய் இருந்தால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டலாம்.

மருதாணியிலும் இதே தொல்லை உண்டு. கருத்த கையில் மருதாணி பிடிக்காது என்று சொல்லி, சில மணி நேரத்தில் கறுக்கும் கோன்களை விற்கிறார்கள். தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் அவற்றில் கலந்திருப்பதுண்டு. கொப்புளம் கண்டால் தழும்பு நின்றுவிடும். வீட்டில் அரைத்த மருதாணி செம்மையாகத்தான் பிடிக்கும், அது போதும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவள். நம் சங்கப் பாடல்கள் பெண்ணின் அழகைப் பேசும்போது மாமை என்ற சொல்லை எடுத்தாளுகின்றன. மாந்தளிரின் நிறம் என்று அதற்கு உரை சொல்வார்கள். பிரிவுத் துயரில் அந்த மாமை குன்றி மேனி வெளிறுவதற்குப் பசலை என்று பெயர். வெளிறுவதை நோயாகக் கண்ட மொழியில் இன்று, "சிவப்பான மணமகள் தேவை" என்று விளம்பரம் அச்சாகிறது. தங்கள் நாளிதழின் மணமேடைப் பகுதியிலும் அச்சாகிறது என்பதை மரியாதையோடு சுட்டிக்காட்டுகிறேன். நிறத்தை வைத்துப் பெண்களை ஒதுக்குவதற்கு எதிராக 2009-லேயே இயக்கம் தொடங்கிய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு நம் சென்னையில்தான் இருக்கிறது. பெரும் நிறுவனம் ஒன்றே 2020-இல் தன் புகழ்பெற்ற கிரீமின் பெயரிலிருந்து சிவப்பழகைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டது. விளம்பரங்களில் அந்தச் சொல்லை வாங்க மறுப்பது ஒரு நாளிதழுக்கு முடியாத காரியமன்று.

அதற்குக் காலம் வேண்டுமென்றால், முதலில் அந்தக் கட்டுரையின் ஷேடு பற்றிய வரியைத் திருத்தி, வரும் வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பாக இணைப்பில் ஒரு முழுப் பக்கத்தைக் கருத்த, மாநிற மணப்பெண்களுக்கென ஒதுக்குங்கள். அதில் வரும் படங்கள் பகல் வெளிச்சத்தில், நிறத்தைக் கணினியில் வெளுப்பாக்காமல், கருத்த பெண்ணை வைத்தே எடுத்தவையாக இருக்கட்டும். அதற்கு ஆள் கிடைக்கவில்லையென்றால், என் இளைய மகள் தன் ஒப்பனைப் பெட்டியோடு தங்கள் அலுவலகத்துக்கு வரத் தயாராக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு விடுமுறை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
பெரம்பூர், சென்னை – 600 011.