ஒரு அங்குலம் கீழே இறக்கினால் போதும்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். மிச்ச நலம் விசாரிப்பெல்லாம் போனில் வைத்துக்கொள்வோம். இது வேறு விஷயம். வண்டி வாங்கிவிட்டேன்டா! 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 வி-8 இன்ஜின், நாலு கியர். சோழவரம் கார் ரேஸ் வெயிலில் நின்றுகொண்டு நீ அடித்த சவடாலுக்கெல்லாம் பதில் இப்போது மிச்சிகனில் என் கராஜில் நிற்கிறது. நன்றாகப் பொறாமைப்படு.

நேர் ரோட்டில் பிரமாதம். திருப்பத்தில்தான் தொல்லை. ஹைவேயிலிருந்து இறங்கும் வளைவில் திருவாரூர்த் தேர் திரும்புகிற மாதிரி திரும்புகிறது. முட்டுக்கட்டை போட ஆள் இல்லாதது ஒன்றுதான் குறை. மூக்கில் பாரம் அதிகம், உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறது, சாய்கிற வேகத்தில் வெளிச் சக்கரத்தின் மேல்பாகமும் கூடவே சாய்கிறது. டயரைத் தடவிப் பார்த்தேன்: வெளி ஓரத்தில் ரப்பர் மிளகு மிளகாகத் திரண்டிருக்கிறது, உள்பக்கம் புதுசு மாதிரி பளபளக்கிறது. பாதி டயர்தான் வேலை செய்கிறது.

இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஷாக் டவரை அறுத்து எறி, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வருகிற காயில்ஓவர் கிட் வாங்கிப் போடு. சில ஆயிரம் டாலர். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த டவர்தான் ஸ்பிரிங்கின் மொத்த பாரத்தையும் வாங்கி பாடிக்குக் கொடுக்கிறது. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. அதை அறுத்தால் அந்த பாரத்தைத் தாங்க வேறு வழி செய்தாக வேண்டும். அறுப்பதற்கு முன் ஃபோர்டிலேயே இருந்த கிளவுஸ் ஆர்னிங் என்ற இன்ஜினியர் கண்டுபிடித்த வழியைப் பார்க்க வேண்டாமா?

கவனமாகக் கேள், இது உன் தொழில். சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கை, அதாவது மேல் கன்ட்ரோல் ஆர்ம், டவரில் மாட்டியிருக்கும் இரண்டு ஓட்டைகளை ஒரு அங்குலம் கீழே, ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) பின்னால் புதிதாகப் போட வேண்டும். அவ்வளவுதான். வெல்டிங் இல்லை, புது உதிரி இல்லை. ஆர்மின் உள்முனை தாழ்ந்துவிடுவதால், வண்டி சாய்ந்து சக்கரம் மேலே ஏறும்போது அது சக்கரத்தின் தலையை உள்பக்கம் இழுக்கிறது. டயர் ரோட்டில் முழுசாகப் படிகிறது. உடம்பு சாய்வதும் குறைகிறது, மூக்கும் கொஞ்சம் தாழ்கிறது, அதனால் ஸ்பிரிங்கை வெட்டுகிற அசிங்கம் வேண்டாம். 1965-ல் கேரல் ஷெல்பி தன் ஜிடி350-க்குச் செய்தது இதைத்தான். 1966 மாடலிலேயே செலவைக் குறைக்க அதை நிறுத்திவிட்டார்கள். ரெண்டு ஓட்டைக்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், வயிறு எரிகிறது.

ஒரு அங்குலத்துக்கு மேல் இறக்கினால் ஆர்மின் வெளிமுனையில் இருக்கும் பால் ஜாயிண்ட் கோணம் முறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பேராசை இல்லை.

ஓட்டை போடும் முன் டவரை நன்றாகச் சுரண்டிப் பார்த்தேன். இந்த ஊரில் பனிக்கு ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், இரும்பைத் தின்றுவிடும். விரிசல் இல்லை, நல்லவேளை. ஆனால் இரண்டு டவரையும் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகட்டோடு கட்டும் எக்ஸ்போர்ட் பிரேஸை வைத்துப் பார்த்தால் போல்ட் ஓட்டை இரண்டு நூல் தள்ளி நிற்கிறது. அறுபது வருஷ பாரத்தில் டவர்கள் உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தள்ளித்தான் மாட்ட வேண்டும்.

அப்புறம் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி, முன்பக்க ஆன்டி ரோல் பார். விறைப்பு விட்டத்தின் நாலாம் படியில் ஏறும் என்று நம்ம சோடாபுட்டி வாத்தியார் போர்டில் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? முக்கால் அங்குலத்தை ஒரு அங்குலமாக்கினால் மூன்று மடங்குக்கு மேல். அது போதும். பின்னால் பார் போட மாட்டேன்; ஈர ரோட்டில் வால் வீசும். பின்பக்கம் நல்ல பட்டை ஸ்பிரிங், நல்ல ஷாக்கு. அலைன்மென்டும் பழைய புத்தகக் கணக்கு ஆகாது, அது அந்தக் கால டயருக்கு. இப்போதைய ரேடியல் டயருக்கு அரை டிகிரி நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வது), கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்வது) மூன்று டிகிரியாவது வேண்டும்.

இப்போது உண்மையான காரணம். மகள் இதை ஓட்டுவேன் என்கிறாள். பிரேக்குக்கு ஒரே ஒரு ஆயில் லைன்டா இதில். எங்காவது கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போச்சு. நாலிலும் டிரம்தான். பெல்ட்டும் இடுப்புக்கு மட்டும்தான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கிட்டுக்குப் போகிற பணம் முன்பக்க டிஸ்க்குக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கும் தோள் பெல்ட்டுக்கும் போகட்டும். குதிரைசக்தி பக்கமே போகப் போவதில்லை.

உன்னிடம் ஒரு கேள்வி. கீழ் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ஸ்டிரட் ராடுக்கு, ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக விறைப்பான பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்கிறார்கள். அது அசையவிடாமல் பிடித்து ராடே ஒடிந்துவிடும் என்று பயப்படுகிறேன். ரப்பரே இருக்கட்டும் என்பது என் கட்சி. நாள் முழுக்க புஷ் கடைகிறவன் நீ, சொல்.

உனக்கு ஸ்டென்ட் வைத்ததை அடுத்தவன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? கோபம் இன்னும் தீரவில்லை. மாத்திரையை விடாதே, லேத்துப் பக்கம் பாரம் தூக்காதே. பையனைத் தூக்கச் சொல். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, புஷ் விஷயத்தையும் சேர்த்து எழுது. ஏப்ரலில் உப்பு கழுவிப் போனதும் வண்டியை வெளியே எடுக்க வேண்டும், அதற்குள் பதில் வந்தாக வேண்டும்.

உன்
பங்காளி